மிகத் துணிச்சலானவர்

மதியத் தூக்கத்தின் விலை ஆண்டுக்கு இரண்டேகால் சதவீதம். அகண்டதீபம் மியூச்சுவல் ஃபண்டு எங்கள் தெருவில் கிளை திறக்கும்வரை ராஜ்கோட்டில் யாருக்கும் இது தெரியாது. இலவசமாகவே தூங்கிக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊரில் ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கினால் நாலு மணிக்குத்தான் ஏறும். நகைக்கடைக்காரர், பல் வைத்தியர், வட்டிக்குக் கொடுத்தவர், வாங்கிவிட்டு ஒளிந்து திரிபவர் எல்லோரும் அந்த மூன்று மணி நேரம் ஒரே மாதிரி குறட்டை விடுவார்கள். எவ்வளவு பெரிய சண்டையானாலும் நாலரைக்கு மேல்தான். என் பாத்திரக் கடைக் கதவை இரண்டு மணிக்குத் தட்டியவர் இதுவரை ஒரே ஒருவர். அவரும் சூரத்துக்காரர்.

இந்தப் பாக்கியம் இல்லாமலே காலம் தள்ளியவர் ஜாதவ்ஜி பாய். மார்க்கெட் யார்டில் முப்பத்தாறு வருடம் எடைக்காரர். நிலக்கடலை ஏலம் காலையில் முடியும். எடை மதியம்தான் தொடங்கும். ஊரே தூங்கும்போது அவர் தராசு முன்னால் நின்றுகொண்டிருப்பார். எடை போடுவதற்கு முன் விவசாயியையும் வியாபாரியையும் கிட்டத்தில் கூப்பிட்டு, "முதல்ல காலித் தட்டைப் பாருங்க" என்பார். இரண்டு தட்டும் சமமாக நிற்பதைப் பார்த்து இருவரும் தலையசைத்த பிறகுதான் முதல் மூட்டை ஏறும். முப்பத்தாறு வருடத்தில் அவர் எடைமேல் ஒரு புகார் வந்ததில்லை. யார்டில் பலருக்கு அது சங்கடமாகவே இருந்தது.

வேலையிலிருந்து விலகியபோது கைக்கு இருபது லட்சம் வந்தது. காசிக்குப் போக வேண்டும், கார் வாங்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது. சாகும்வரை மதியம் தூங்க வேண்டும், அவ்வளவுதான். தேக்குக் கட்டில் ஒன்று செய்யச் சொன்னார். மனைவி முக்தாபென் ஜன்னலுக்குப் பச்சைத் திரை தைத்தாள். குடும்பச் செலவு மாதம் பன்னிரண்டாயிரம். பாங்கில் போட்டால் வட்டி மாதம் பதினோராயிரம். நடுவில் ஆயிரம் ரூபாய் இடைவெளி. அந்த இடைவெளி வழியாகத்தான் அகண்டதீபம் உள்ளே வந்தது.

வந்தவன் வேற்றாள் இல்லை, தேஜஸ். யார்டில் தரகராக இருந்த ஜம்னாதாஸ் கோட்டேச்சாவின் மகன். ஜம்னாதாஸின் மூட்டைகள் எல்லாம் ஜாதவ்ஜி பாயின் தராசில் ஏறியவைதான். தேஜஸுக்கு முப்பது வயது. சித்திரை வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு நடந்தவன் எங்கள் தெருவில் அவன் ஒருவன்தான்.

"காகா" என்று சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டு, "ரிஸ்க்கையும் வருமானத்தையும் எடை போட்டுப் பாக்கணும். எடை போடறதைப் பத்தி உங்களுக்கு நான் போய்ச் சொல்லித் தரணுமா?" என்றான். முப்பத்தாறு வருடத்தில் ஜாதவ்ஜி பாயிடம் யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. மறுநாள் மதியம் இரண்டு மணிக்குக் கிளைக்குப் போனார். ஆமாம், இரண்டு மணிக்கு. மும்பைத் தலைமை அலுவலகம் தூங்குவதில்லை என்பதால் இந்தக் கிளையும் தூங்குவதில்லை.

உள்ளே சுவர் முழுக்க ஒரு படம். அரைவட்டம், ஒரு கோடியில் பச்சை, மறு கோடியில் சிவப்பு, நடுவில் ஒரு கறுப்பு முள். ரிஸ்க் மீட்டர். ஜாதவ்ஜி பாய் கிட்டத்தில் போய் முள்ளை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"தீக்ரா, மகனே, இது அச்சடிச்ச முள்ளா?"

"ஆமா காகா."

"அப்ப நகராதா?"

"தலைமை ஆபீஸ் நகர்த்தும். மாசத்துக்கு ஒரு தடவை."

"சரி. காலித் தட்டுக்கு எங்க நிக்கும்?"

"காலியா இருந்தா எதுக்குக் காகா எடை போடணும்?"

இப்படி ஒரு கேள்வி யார்டில் அவர் காதில் விழுந்ததே இல்லை. படித்தவர்கள் தராசு வேறு மாதிரி இருக்கும் என்று எண்ணி உட்கார்ந்தார்.

முதலில் எச்சரிக்கை. அதை வாசிக்காமல் எதையும் விற்கக்கூடாது என்பது சட்டம். அதற்கென்றே பார்கவ் என்ற ஊழியர் இருந்தார். எழுந்து நின்று, மூச்சை இழுத்து, தொண்ணூற்றிரண்டு சொற்களை நாலரை நொடியில் வாசித்து முடித்து உட்கார்ந்தார்.

"ஐயா, கடலை வறுக்கற சத்தம்தான் கேட்டுது. கொஞ்சம் மெதுவா வாசிங்களேன்."

"மெதுவா வாசிக்க எங்களுக்கு அனுமதி இல்ல சார்," என்றார் பார்கவ். "போன வருஷம் ஜுனாகத் கிளையில ஒருத்தர் மெதுவா வாசிச்சுட்டார். கேட்டவர் எழுந்து வீட்டுக்குப் போயிட்டார். வாசிச்சவர் இப்ப கட்ச்ல உப்பளத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கார்."

"நீங்க நல்லா வாசிக்கறீங்க."

"மேற்கு மண்டலத்துல ரெண்டாம் பரிசு சார். முதல் பரிசு பரோடாவுக்கு. மூணே முக்கால் நொடி. ஆனா அந்த ஆளு 'நஷ்டம்'ங்கற வார்த்தையை முழுங்கிட்டார். நடுவர்கள் அதையும் திறமையில சேத்துட்டாங்க."

அடுத்தது இருபத்தொரு கேள்வி. அவரவர் எவ்வளவு ரிஸ்க் தாங்குவார் என்று மதிப்பெண் போட்டுச் சொல்லும் சோதனை. தேஜஸ் கேட்டான், ஜாதவ்ஜி பாய் சொன்னார், தேஜஸ் புள்ளி வைத்தான்.

"விலை திடீர்னு முப்பது சதவீதம் விழுந்துட்டா என்ன செய்வீங்க?"

"கடலையா? விழுந்தா அப்பத்தான் வாங்கி அடுக்கணும்."

"பிரமாதம். கூடுதலா வாங்குவார்," என்று புள்ளி வைத்தான். "உங்களை நம்பி யாராவது இருக்காங்களா?"

"முக்தா இருக்கா. ஆனா நான்தான் அவளை நம்பி இருக்கேன்னு அவ சொல்றா."

"யாரும் இல்லை." புள்ளி. "கவலையால தூக்கம் கெட்டதுண்டா?"

"கவலையால இல்ல தீக்ரா. வேலையால. முப்பத்தாறு வருஷமா மதியம் கண்ணை மூடினதில்ல."

தேஜஸ் பேனாவை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தான். "காகா, இது அபூர்வம்," என்று அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண்ணும் போட்டான்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. அச்சுப்பொறி ஒரு சான்றிதழைத் துப்பியது. தங்க ஓரம், கீழே முத்திரை, நடுவில் கொட்டை எழுத்தில்: மிகத் துணிச்சலானவர். பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தார்கள்.

அதை வீட்டில் காட்டியபோது முக்தாபென் எண்ணெய்க் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு, நீங்களா? பல்லியப் பாத்தா கட்டில் மேல ஏறுற ஆளு."

"மிஷின்ல வந்துருக்கு முக்தா."

"மிஷினுக்குப் பல்லியத் தெரியுமா?"

சான்றிதழைச் சாமி படத்துக்குக் கீழே மாட்டிவிட்டார்.

இனி நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். ஏனென்றால் எங்கள் ஊர்க்காரன் எவனும் அதே தப்பைத்தான் செய்திருப்பான், நானும் செய்திருப்பேன். மறுநாள் கிளையில் தேஜஸ் இரண்டு திட்டங்களை மேஜைமேல் வைத்தான். ஒன்று இருபது வருடமாக நடப்பது; பெரிய கம்பெனிகள், ஆடாத கம்பெனிகள். அதன் ஒரு யூனிட் விலை நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். இன்னொன்று அந்த வாரம்தான் திறந்தது. சின்னச் சின்னக் கம்பெனிகள். பெயர் 'அகண்ட ஓய்வு'. ஐந்து வருடத்துக்குப் பணம் எடுக்க முடியாது, ஆனால் மாதாமாதம் யூனிட்டுக்கு ஆறு பைசா வீதம் கைக்கு வரும். யூனிட் விலை பத்து ரூபாய்.

ஜாதவ்ஜி பாயின் கண் பத்தில் நின்றது.

"அது நானூத்திப் பன்னெண்டு. இது பத்தா?"

"ஆமா காகா."

"நாப்பது மடங்கு மலிவு!"

யூனிட் பத்து ரூபாய் என்றால் மலிவும் இல்லை, நானூறு என்றால் விலை அதிகமும் இல்லை; பெரிய தேங்காயை எத்தனை பத்தையாக நறுக்கினான் என்பதுதான் வித்தியாசம். தேஜஸுக்கு இது தெரியும். அவன் பரீட்சையே அதில்தான் எழுதியிருந்தான். புன்னகை மட்டும் செய்தான்.

"ஒம்பது எண்பதுன்னு போடு," என்றார் ஜாதவ்ஜி பாய்.

"காகா, இது எல்லாருக்கும் ஒரே விலை."

"உங்க அப்பன் எங்கிட்ட சொல்லாத வார்த்தையா? மொத்தமா ரெண்டு லட்சம் யூனிட் எடுக்கறேன். ஒம்பது எண்பது."

தேஜஸ் மும்பைக்குப் போன் போட்டான். நெடுநேரம் தலையாட்டினான். பிறகு ரகசியக் குரலில், "விலையில கை வைக்க முடியாதாம். உங்களுக்காக மட்டும் ஒரு டிபன் காரியர் தரச் சொல்றாங்க," என்றான். மூன்றடுக்கு ஸ்டீல் காரியர். என் கடைச் சரக்குதான். இருநூறு கேட்டிருந்தார்கள், ஒன்றுக்கு நாற்பது ரூபாய் லாபம் நின்றது. அகண்டதீபத்தால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கையெழுத்துப் போடும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "இதுல உங்களுக்கு என்ன?"

"வருஷத்துக்கு ரெண்டேகால் சதவீதம் காகா. நீங்க கையால எதுவும் குடுக்க வேண்டாம். நாங்களே எடுத்துக்குவோம்."

"நஷ்டம் வந்தா?"

"அப்பவும் எடுத்துக்குவோம். நஷ்டத்தை நிர்வாகம் பண்றது லாபத்தை விடக் கஷ்டம்."

நியாயமாகத்தான் பட்டது.

பிறகு சில மாதம் அவர் தூங்கினார். அதை நான் மறைக்கக் கூடாது. முதல் தேதியன்று பன்னிரண்டாயிரம் வந்து விழும். ஒரு மணிக்குச் சாப்பாடு, ஒன்றேகாலுக்குப் பச்சைத் திரை, நாலு மணிக்குச் சட்டையில் பாய் மடிப்போடு என் கடைக்கு வந்து, தட்டில் ஊற்றிய டீயை உறிஞ்சிக்கொண்டு, "இதை விட்டுட்டு முப்பத்தாறு வருஷம் என்னத்தைப் பண்ணினேன்னு தெரியல" என்பார். முகம் கொஞ்சம் உப்பி இளமையாகக்கூட ஆகியிருந்தது.

ஒரு வருடம் கழித்து வந்த தாளில் பத்து ரூபாய் எட்டாகியிருந்தது. தேஜஸிடம் ஓடினார்.

"நல்ல செய்தி காகா. இன்னும் மலிவாயிடுச்சு. கொஞ்சம் சேத்துப் போடறீங்களா?"

பதினெட்டாவது மாதம் அது ஆறு ரூபாய் சொச்சமானபோது எல்லா முதலீட்டாளருக்கும் அழைப்பிதழ் வந்தது. மஞ்சள் குங்குமம் தடவிய அழைப்பிதழ். 'பொறுமை விழா'. இடம், ரிங் ரோட்டில் ஒரு ஓட்டல். நேரம், மதியம் இரண்டு மணி.

தின்னக் கடலைமாவுக் காட்டியா கிடைக்குமென்று நானும் கூடப் போனேன். அறுபது எழுபது பேர், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லோர் கண்ணும் செருகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ராஜ்கோட்காரனைக் கூப்பிட்டு வைத்தால் அவன் எதற்கும் எதிர்ப்புச் சொல்ல மாட்டான் என்பதை யாரோ மும்பையில் ஆராய்ந்து கண்டுபிடித்திருக்க வேண்டும். விளக்கேற்றினார்கள். பார்கவ் எச்சரிக்கை வாசித்தார். நாலு நொடிக்குக் குறைத்துவிட்டார், கைதட்டல் கிடைத்தது. பிறகு மண்டலத் தலைவர் பல்ஸூலே பேசினார்.

"நண்பர்களே, வெளியில சிலர் உங்க பணம் குறைஞ்சுடுச்சுன்னு வதந்தி பரப்பறாங்க. உங்க யூனிட் ஒண்ணாவது குறைஞ்சிருக்கா? ரெண்டு லட்சம் யூனிட் வெச்சிருந்தவருக்கு இன்னைக்கும் ரெண்டு லட்சம் யூனிட் இருக்கு. ஒண்ணைக்கூட நாங்க தொடலை. விலை மட்டும்தான் கொஞ்சம் ஓய்வெடுக்குது. திட்டத்தோட பேரே ஓய்வுதானே?"

ஊழியர்கள் கைதட்டினார்கள்.

"ஏன் அஞ்சு வருஷம் பூட்டி வெச்சிருக்கோம்னு கேக்கறாங்க. கதவு திறந்திருந்தா நீங்க எல்லாரும் எப்பவோ போயிருப்பீங்க. அதனாலதான் பூட்டினோம். இதை விட வெளிப்படையா ஒரு நிறுவனம் இருக்க முடியுமா?"

ஜாதவ்ஜி பாய் கையைத் தூக்கினார். "ஐயா, மாசாமாசம் பன்னிரண்டாயிரம் வருதே. அது லாபத்துலேருந்து வர்றதுதானே?"

பல்ஸூலேவின் முகம் கனிந்தது. "ரொம்ப நல்ல கேள்வி. லாபம் வந்தா லாபத்துலேருந்து குடுப்போம். வரலைன்னா நீங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு உங்க பணத்தையே எடுத்து உங்களுக்குக் குடுப்போம். பெத்த பிள்ளை செய்வானா இதை?"

"இதுவரைக்கும் எதுலேருந்து குடுத்தீங்க?"

"இதுவரைக்கும் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்."

அந்தக் கூட்டத்தில் அன்று முழுசாக விழித்தவர் ஜாதவ்ஜி பாய் ஒருவர்தான். அடுத்த வரிசையில் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர் குறட்டையே விட்டார்.

புகார் கொடுக்கப் போனார். புகார் மேஜையில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அங்கிள், 'எனக்குப் பயமா இருக்கு'ன்னு எழுதியிருக்கீங்க. நீங்க மிகத் துணிச்சலானவர். மிகத் துணிச்சலானவங்களோட பயத்தை இதுல ஏத்த முடியாது. கட்டமே இல்ல."

"நான் துணிச்சல்காரன் இல்லம்மா. வேணும்னா எம் பொண்டாட்டியக் கேட்டுப் பாருங்க."

"அப்ப மறுபடி பரீட்சை எழுதிப் பயந்தவர்னு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. ஆனா அது பூட்டு முடிஞ்ச பிறகுதான் எழுதலாம்."

அந்த மாதமே மாதத் தொகையையும் குறைத்தார்கள். பன்னிரண்டாயிரம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆனது. 'உங்கள் பணத்தைப் பாதுகாக்க' என்று கடிதத்தில் இருந்தது. யாரிடமிருந்து என்று இல்லை. பழைய இடைவெளி ஆயிரம் ரூபாய். புது இடைவெளி இரண்டாயிரத்து ஐந்நூறு.

இருபதாவது மாதம், யூனிட் சரியாக ஆறு ரூபாயில் நின்ற நாளில், அவர் தேஜஸ் முன்னால் போய் உட்கார்ந்தார். நானும் கூட இருந்தேன். காரியர் பாக்கி வசூலிக்கப் போயிருந்தேன். அவர் திட்டவில்லை. எடைச் சீட்டைச் சரிபார்க்கிற குரலில் கேட்டார்.

"உங்க அப்பா பணத்தை எதுல போட்டே?"

தேஜஸ் டையைச் சரிசெய்தான். "அப்பாவுது பழைய திட்டம் காகா."

"நானூத்திப் பன்னெண்டா?"

"இப்ப நானூத்தி எழுபது."

"விலை ஜாஸ்தின்னு ஜம்னாதாஸ் சண்டை போட்டிருப்பானே. என்னை விடப் பேரம் பேசற ஆளு."

"போட்டார். பத்து ரூபாய்தான் மலிவுன்னு அவரும் சொன்னார். யூனிட் விலைக்கும் மலிவுக்கும் சம்பந்தமில்ல, உள்ள என்ன இருக்குன்னுதான் பாக்கணும்னு நான்தான் ரெண்டு நாள் உக்காந்து புரிய வெச்சேன்."



"எனக்கு ரெண்டு நிமிஷம் சொல்லியிருக்கலாமே தீக்ரா."

"நீங்க கேக்கல காகா. ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க. அதோட அந்த மாசம் புதுத் திட்டத்துக்குத்தான் எங்களுக்கு டார்கெட்."

"ஜம்னாதாஸும் அந்த இருபத்தோரு கேள்விக்குப் பதில் சொன்னானா?"

"சொன்னார்."

"என்ன வந்துது?"

"மிகப் பயந்தவர்." தேஜஸ் தலை குனிந்தான். "நான்தான் புள்ளி வெச்சேன்."

ஜாதவ்ஜி பாய் சுவரில் இருந்த அச்சடித்த முள்ளைப் பார்த்தார். "உங்க அப்பன் மூட்டையை நான் முப்பது வருஷம் எடை போட்டேன். ஒரு நாளாவது காலித் தட்டைக் காட்டாம மூட்டையை ஏத்தினேனா?"

"இல்ல காகா. அந்த நன்றி எனக்கு இல்லாமலா? அதான் மேலிடத்துல பேசி உங்களுக்கு ஒண்ணு ஏற்பாடு பண்ணியிருக்கேன்," என்று தேஜஸ் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

விஷயம் இதுதான். கிளை மதியம் திறந்திருக்கிறது. வாசலில் காவலுக்கு ஆள் வேண்டும். ராஜ்கோட்டில் அந்த மூன்று மணி நேரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. வைத்த மூன்று பேரும் தூங்கினார்கள். மூன்றாவது ஆள் கம்பெனிப் பலகையைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினான். மும்பையில் கோபம். அப்போதுதான் கோப்பில் ஒரு விடை அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது: முப்பத்தாறு வருடம் மதியம் கண்ணை மூடாதவர். முழு மதிப்பெண்.

ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை. மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு.

அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். இடைவெளியும் இரண்டாயிரத்து ஐந்நூறு என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன் பார்கவ் எழுந்து எச்சரிக்கை வாசித்தார். வேலைக்கும் அது உண்டாம்.

இப்போது நான் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கும்போது அவர் நீலச் சட்டையும் தொப்பியுமாக எதிர்வாசலில் நாற்காலியைப் போடுகிறார். தெரு காலியாகும். நாயும் படுக்கும். நாலு மணிக்கு நான் ஷட்டரை ஏற்றும்போதும் அதே இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தேக்குக் கட்டிலில் முக்தாபென் இப்போது பப்படம் காய வைக்கிறாள்.

முதல் சம்பளம் வந்த அன்று சிவப்புத் துணி அட்டை போட்ட தன் கணக்குப் புத்தகத்தோடு என் கடைக்கு வந்தார். டீ வேண்டாம் என்றார். சம்பளத்தில் சீருடைக்கும் சலவைக்குமாக இருநூற்றைம்பது பிடித்துக்கொண்டார்களாம். எழுதியிருந்ததைக் காட்டினார். அவர் கையெழுத்து எடைச் சீட்டில் இருந்தது போலவே சாய்வில்லாமல் இருந்தது.

வரவு: அகண்டதீபம் எனக்குக் கொடுத்த காவல் சம்பளம், பிடித்தம் போக, மாதம் 2,250.

செலவு: அகண்டதீபம் என்னிடம் எடுத்துக்கொள்ளும் கட்டணம், பன்னிரண்டு லட்சத்துக்கு ஆண்டுக்கு இரண்டேகால் வீதம், மாதம் 2,250.

மீதி: 0. தட்டு சமம்.

அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, சிவப்பு மையில் ஒரே ஒரு வரி:

மதியத் தூக்கம், நாளுக்கு மூன்று மணி நேரம், பூட்டுத் திறக்க இன்னும் நாற்பது மாதம். அகண்டதீபம் பெயரில் பாக்கி.